வயசாயிடுச்சு என்று விட்டுவிடாதீர்கள்



“எங்க நாய்க்கு வயசாயிடுச்சுங்க, முன்ன மாதிரி மாடி ஏறுறதில்ல.” நாய் வளர்க்கிற வீடுகளில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது. வயது ஒரு நோயல்ல. படியைப் பார்த்துத் தயங்கும் நாய்க்குப் பெரும்பாலும் மூட்டு வலிக்கிறது. அதைத் தணிக்க இன்று பல வழிகள் இருக்கின்றன. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில்தான் பலருக்கும் குழப்பம்.

அடிபட்டால் நாய் கத்தும். நாள்பட்ட வலிக்குக் கத்தாது. படுத்து எழுந்ததும் நாலடி விறைப்பாக நடந்து, பிறகு சரியாகிவிடும். காரில் தாவி ஏறாது. ஒரே மூட்டை நக்கிக்கொண்டே இருக்கும். பின்னங்கால் தொடை இளைக்கும். தொட்டால் உறுமும். இவற்றில் ஒன்றிரண்டு தெரிந்தாலே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். போவதற்கு முன் வீட்டில் நாய் நடப்பதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைப் பரபரப்பில் பல நாய்கள் நொண்டுவதை மறந்துவிடும்.

மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்து, மூட்டு அழற்சி கண்டு வலிப்பதுதான் மூட்டுத் தேய்மானம். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற இனங்களில் பரம்பரைக் காரணத்தால், வளரும்போதே இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் போவதுண்டு. அவற்றுக்கு இளம் வயதிலேயே தேய்மானம் தொடங்கிவிடும். நம் ஊரில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சலிலும் மூட்டுகள் வீங்கி வலிக்கும். அதற்கு வைத்தியமே வேறு. அதனால்தான் மருத்துவர் ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் கேட்கிறார்.

சரி, தேய்மானம்தான் என்று உறுதியாகிவிட்டது. முதல் வைத்தியம் சாப்பாட்டுத் தட்டில் தொடங்குகிறது. பருத்த நாய்களை வைத்து நடந்த ஓர் ஆய்வில், உடல் எடையில் 6 சதவீதம் குறைந்ததுமே நொண்டல் குறையத் தொடங்கியது. 35 கிலோ லாப்ரடாருக்கு அது இரண்டே கிலோ! இன்னொரு ஆய்வின் முடிவு 2002-ல் வெளியானது. 48 லாப்ரடார் நாய்களை இணை இணையாகப் பிரித்து, ஒவ்வொரு இணையிலும் ஒன்றுக்கு 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து வளர்த்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு வலிக்கு மருந்து தேவைப்பட்டதும் அவற்றுக்குப் பிந்தித்தான். ஆகவே சோற்றின் அளவைக் குறையுங்கள். வீட்டில் ஆளாளுக்குப் போடும் பிஸ்கட்டையும் கணக்கில் எடுங்கள். கையால் தடவினால் விலா எலும்பு தட்டுப்பட வேண்டும்.

அடுத்தது தரை. டைல்ஸும் மார்பிளும் வழுக்குகிற வீட்டில், ஒவ்வொரு முறை எழும்போதும் பின்னங்கால் அகன்று மூட்டு இழுபடும். நாய் நடமாடும் வழியில் நழுவாத ரப்பர் விரிப்பு போடுங்கள். நகத்தை வெட்டி வையுங்கள். படுக்கத் தடிமனான மெத்தை கொடுங்கள். நடையை நிறுத்திவிடாதீர்கள், நடக்காவிட்டால் தசை கரையும், மூட்டு இன்னும் இறுகும். தினமும் கொஞ்ச நேரமாக, வெயிலுக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று முறை நடத்துங்கள். வாரம் முழுக்கக் கட்டிவைத்துவிட்டு ஞாயிறன்று பந்து எறிந்து ஓடவிடுவதுதான் கெடுதல். நீந்த வசதியிருந்தால் நல்லது. தண்ணீர் உடல் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும்.

இவற்றோடு சேர்த்துத்தான் மருந்து. மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் போன்ற அழற்சி நீக்கி மருந்துகளே இன்றும் முதன்மையானவை. ஈரல், சிறுநீரகம் இரண்டையும் சோதித்த பிறகு மருத்துவர் எடைக்கேற்ற அளவைச் சொல்வார். சாப்பாட்டோடு கொடுங்கள். வாந்தியோ கறுப்பு மலமோ கண்டால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். ஸ்டீராய்டு மருந்தோடு இதைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. நமக்கு வாங்கிய ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரையைப் பாதி உடைத்து நாய்க்குக் கொடுக்காதீர்கள். குடலில் புண் வந்து ரத்தம் கசியும், சிறுநீரகம் பழுதாகும், உயிரே போகலாம்.

மீனெண்ணெயில் உள்ள ஒமேகா-3 ஓரளவு உதவுகிறது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. பலரும் காசு செலவழிக்கும் குளுக்கோசமைனுக்கு அவ்வளவு சான்று கிடையாது. மாதம் ஒரு முறை தோலுக்கடியில் போடும் பெடின்வெட்மாப் என்ற ஊசி, வலியைத் தூண்டும் ஒரு புரதத்தைத் தடுக்கிறது. ஐரோப்பாவில் 2020-லும் அமெரிக்காவில் 2023-லும் அதற்கு அனுமதி கிடைத்தது. சில நாய்களுக்கு நடை தள்ளாடுவதும் வலிப்பு வருவதும் பதிவானதால், 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கால்நடை மருத்துவர்களை எச்சரித்தது. புதிய மருந்து என்பதற்காக ஓடவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். மருத்துவரிடம் இரண்டு பக்கத்தையும் கேளுங்கள்.

எதற்கும் அடங்காத இடுப்பு வலிக்கு அறுவை சிகிச்சை உண்டு. தொடை எலும்பின் தலைப்பகுதியை எடுத்துவிடுவது ஒரு முறை. சுற்றியுள்ள தசையும் நாரும் அந்த இடத்தைத் தாங்கிக்கொள்ளும். எடை குறைந்த நாய்களுக்கு இது நன்றாகப் பலன் தரும். செயற்கை இடுப்பு மூட்டும் பொருத்துகிறார்கள், ஆனால் செலவு அதிகம்.

தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளராது, அதனால் இது வாழ்நாள் கவனிப்பு. மாதம் ஒரு முறை எடை போட்டு எழுதி வையுங்கள். எத்தனை நிமிடம் நடந்தது, எந்தப் படியில் நின்றது என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். மருந்தைக் கூட்டுவதா, குறைப்பதா என்று மருத்துவர் முடிவெடுக்க அந்த ஒரு பக்கக் குறிப்பு போதும்.