ஆய்வுக் கட்டுரையும் திறந்த வாயிலும்



1907-ஆம் ஆண்டில் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் தொடங்கிய வார இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயரிட்டார். விலையே பெயராயிற்று. அறிவு ஏழையின் கைக்கு எட்டுதல் வேண்டும் என்பதற்கு அப்பெயரே சான்று.

இன்று நம் பிள்ளைகள் முனைவர் பட்டம் பெறுகின்றனர், ஆய்விதழ்களில் எழுதுகின்றனர். கட்டுரைக்கு ஊதியம் இல்லை. ஆயினும் பதிப்புரிமையை எழுதிக் கொடுத்தபின், அதனைப் படிக்க விரும்புவோரிடம் பதிப்பகத்தார் பெரும்பணம் கேட்கின்றனர். 2025-இல் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு ஆய்விதழ்களைத் திறந்துவிட்டது. நிறுவனம் எதனையும் சாராத வாசகர் இன்னும் வெளியேதான் நிற்கின்றார்.

இக்குறையைப் போக்கவே 2002-ஆம் ஆண்டின் புடாபெஸ்ட் அறிக்கை, 'திறந்த அணுக்கம்' என்னும் கொள்கையை வகுத்துரைத்தது. ஆய்வுக் கட்டுரைகளை எவரும் இணையத்தில் விலையின்றிப் படிக்கவும் பயன்படுத்தவும் இயலவேண்டும் என்பதே அதன் சாரம்.

அதற்குரிய வழிகள் மூன்று. இதழே கட்டுரையைத் திறந்து வெளியிடுவது பொன்வழி. இதில் பல இதழ்கள் கட்டுரையாளரிடம் கட்டணம் பெறுகின்றன. எழுதுவோரிடமும் படிப்போரிடமும் கட்டணம் பெறாதது வைரவழி. இதழ் ஏற்றுக்கொண்ட இறுதிப் படியைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் நாமே வைப்பது பசுமைவழி. இதற்குப் பொருட்செலவில்லை, பல பதிப்பகங்கள் உடனேயோ, சில மாதங்கள் கழித்தோ இதற்கு இசைகின்றன.

ஆகவே, கடன்பட்டுக் கட்டணம் செலுத்தினால்தான் திறந்த வெளியீடு என்று எவரும் மயங்க வேண்டா. சில நாட்களில் வெளியிட்டுத் தருவதாக ஆசைகாட்டிப் பணம் பறிக்கும் போலி இதழ்களும் உள. மதிப்பீட்டாளர் உண்டா, ஆசிரியர் குழுவினர் யாவர் என்று ஆராய்ந்த பின்னரே கட்டுரையை அனுப்புங்கள். ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் அதனை முழுவதும் படியுங்கள். பதிப்புரிமை எவரிடம் நிற்கும்? களஞ்சியத்தில் வைக்க இசைவு உண்டா? எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும்? இம்மூன்றையும் கேளுங்கள்.

தோழர்களே! நாம் கள ஆய்வுக்குச் சென்றபோது, வாசலில் பாய் விரித்து, வேலையை விட்டு நம்முடன் அமர்ந்து, தம் வாழ்வையும் பட்ட இழிவையும் எடுத்துரைத்தவர்கள் நம் மக்கள். அவர்கள் சொல்லே நம் ஆய்வுக்கு முதல். அவர்தம் பேரப்பிள்ளை நாளை அக்கட்டுரையைத் தேடி வரும்போது, பணம் கட்டு என்னும் பலகை எதிர்நிற்கலாகாது. பூட்டிய வாயில்களின் முன் தலைமுறை தலைமுறையாய் நின்றவர் நாம். நம் எழுத்துக்கு நம் கையாலேயே பூட்டுப் போடாதிருப்போமாக.