இடமாற்றப் படியும் வருமான வரியும்

சித்தூரிலிருந்து தேவிகுளத்திற்கு மாற்றப்படும் மத்திய அரசு ஊழியர் பாலக்காட்டுச் சமவெளியை விட்டு மலையேற வேண்டும். பாத்திரம் பண்டம், கட்டில் யாவும் லாரியில் செல்லவேண்டும். 2017 ஜூலையில் வந்த விதிப்படி, லாரி வாடகை நீங்கலாக, அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதம் இடமாற்ற மானியமாகும். சம்பளம் 40,000 ரூபாயாயின் மானியம் 32,000 ரூபாய்.

இது வருமானமா? 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(14) பிரிவு இடமாற்றப் படிக்கு விலக்களித்தது. பொருள்களைக் கட்டுவதும் ஏற்றிச் செல்வதும் அதில் அடங்கும் என்று 2பிபி விதி விளக்கியது. ஆனால் உண்மையில் செலவான அளவிற்கே விலக்கு. 25,000 ரூபாய் செலவாயின், எஞ்சிய 7,000 ரூபாய் சம்பள வருமானத்துடன் சேரும். புதிய ஊரின் பள்ளிக் கட்டணத்தை நிறுவனமே செலுத்தினால் அது பயணச் செலவன்று, வரிக்குரியதே.

சிக்கல் ரசீதில் இருக்கிறது. உயர் அதிகாரி பெரிய போக்குவரத்து நிறுவனத்தின் பில்லைக் காட்டுவார். கடைநிலை ஊழியரின் பொருள்களை ஏற்றும் சுமைத் தொழிலாளரோ, சிறு லாரிக்காரரோ பெரும்பாலும் ரசீது எழுதுவதில்லை. மெய்யாகவே செலவிட்ட பணத்திற்கும் அவர் வரி செலுத்த நேரிடும். அமெரிக்கா 2018 முதல், படைவீரர் போன்ற சிலர் நீங்கலாக, இச்சலுகையையே நிறுத்திவிட்டது. அதனை நோக்க இந்திய முறை நியாயமானதே. ஆயினும் ஏற்றுகூலி போன்ற சிறு செலவுகளுக்கு, ஊழியர் நாள்வாரியாக எழுதிக் கையொப்பமிட்ட கணக்கைச் சம்பளம் வழங்கும் அலுவலர் ஏற்றுக்கொள்வதே முறையாகும்.