எதிர்க்கோடியில் சோரும் கார்

வீட்டில் ஸ்லாட் கார் பந்தயத் தடம் இருக்கிறதா? பவர் பெட்டிக்குப் பக்கத்தில் கார் பறக்கும். எதிர்க்கோடி வளைவில் சோர்ந்துவிடும். உடனே காரைக் கழற்றாதீர்கள். மோட்டார் பாவம்!

அதே காரைப் பக்கத்துத் தடத்தில் விடுங்கள். அங்கே நன்றாக ஓடுகிறதா? அப்படியானால் கோளாறு காரில் இல்லை. தடத்தில்.

தடத்துண்டுகள் சேரும் இடத்தைப் பாருங்கள். ஒவ்வொரு இணைப்பையும் தாண்டித்தான் மின்சாரம் போகிறது. இணைப்பு தளர்ந்தால், கறுத்தால், அதற்கப்பால் வலு குறையும். தெருக்கோடி வீட்டுக் குழாயில் தண்ணீர் நூலாக வருமே, அப்படி. கார் தடுமாறும் இடத்தில் இணைப்பை அழுத்திப் பாருங்கள். வேகம் பிடித்தால், அந்த இணைப்புதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உலோகப் பட்டையை உலர்ந்த துணியால் துடைத்து, இறுக்கிச் சேர்த்துவிடுங்கள்.

தடம் முழுக்கத் திக்கித் திக்கி ஓடினால் மட்டும் காரைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் உள்ள செம்புப் பின்னலில் தலைமுடி சுற்றியிருக்கலாம்.