பதரும் மணியும்

(கொல்லிமலை செம்மேட்டில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



"மெயில் சர்வரில் ஸ்பாம் தடுப்பு" என்று ஒரு தலைப்பைக் கொடுத்து அரை மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு முந்தின நேரம். பெரியவர்கள் பயப்பட வேண்டாம். இது கம்ப்யூட்டர் பாடம் மாதிரி ஆரம்பித்தாலும், இந்த மலையில் நான் பட்ட ஒரு அவமானத்தின் கதைதான்.

முதலில் ஸ்பாம் என்றால் என்ன? கேட்காமல் வந்து குவியும் குப்பைக் கடிதம். 1978 மே மாதம், அமெரிக்காவில் அர்பாநெட் என்ற வலையில், டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியின் விற்பனைக்காரர் ஒருவர் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். அதைத்தான் முதல் ஸ்பாம் என்கிறார்கள். நம் நாட்டில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தது. மோடம் 'கீய்ங்' என்று கத்தி இணைப்பு கிடைப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். அப்படிக் காத்திருந்து இறக்கிய கடிதம் எவனோ அனுப்பிய விளம்பரம் என்றால் வயிறு எரியுமா எரியாதா?

அந்த எரிச்சல்தான் என்னை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்தது. சின்னச் சின்ன நிறுவனங்களுக்கு மெயில் சர்வர் வைத்துக் கொடுத்துப் பராமரிப்பது என் வேலை. அதில் ஒன்று இந்த மலையில் சாமையும் தினையும் பயிரிடும் விவசாயிகள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறு அமைப்பு.

கொல்லிமலைக்கும் சிறுதானியத்துக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியும். சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு எல்லாம் இந்த மண்ணின் பயிர். 1990-களிலிருந்து எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே மலைவாழ் மக்களோடு சேர்ந்து விதைகளைக் காப்பாற்றவும், உமி நீக்கும் இயந்திரங்களை ஊருக்குள் கொண்டுவரவும் வேலை செய்தது. 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. அறிவித்த பிறகு, ஏழைச் சோறு என்று ஒதுக்கின சாமையைப் பட்டணத்துக் கடைக்காரர்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். ஆர்டர் எல்லாம் மெயிலில்தான்.

இது 2022 கடைசியில் நடந்தது. அங்கே கணக்கு பார்க்கும் தங்கை போன் செய்தாள். "அண்ணா, மூணு நாளா ஒரு மெயிலும் வரலீங்கண்ணா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாத்தியாம்மா, ஸ்பாம் எல்லாம் நின்னுபோச்சு!" என்றேன். சிரிக்காதீர்கள். உண்மையிலேயே பெருமைப்பட்டேன். முந்தின வாரம்தான் சர்வரில் சில மாற்றம் செய்திருந்தேன்.

"ஸ்பாம் மட்டுமில்லீங்கண்ணா, எதுவுமே வரலீங்க" என்றாள் மறுபடியும். அப்போதுதான் வயிற்றில் புளி கரைத்தது.

அன்று சாயங்காலமே சென்னைக் கடைக்காரர் ஒருவர் அவர்களுக்குப் போன் செய்திருக்கிறார். 30 மூட்டை சாமை அரிசிக்கு ஆர்டர் அனுப்பினாராம். கடிதம் திரும்பி வந்துவிட்டதாம். விலாசம் தப்பு போலிருக்கிறது என்று நினைத்து வேறு ஊரில் வாங்கிவிட்டாராம். "உங்களுக்குத் தெரியட்டும்னு சொல்றேன்" என்றாராம், பாவம், நல்ல மனுஷர். நான் அவரையே கூப்பிட்டு, திரும்பி வந்த கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டிப் படித்தார். நடுவில் "ஓப்பன் ரிசால்வர்" என்று வந்தது. நான் மூன்று நாளாகத் தேடியிருக்க வேண்டிய விடையை, சாமை வாங்கும் ஒரு கடைக்காரர் போனில் வாசித்துக் காட்டிவிட்டார்.

நடந்தது என்ன என்று விளக்குகிறேன். மலை அடிவாரத்தில் ஒரு சோதனைச் சாவடி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டி வந்தால் காவலர் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு, "இந்த நம்பர் திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா?" என்று கேட்கிறார். பதில் இல்லை என்றால் வண்டியை விட வேண்டும். "இருக்கிறது" என்றால் திருப்ப வேண்டும். மெயில் உலகத்திலும் அப்படித்தான். 1998-ல் தொடங்கிய ஸ்பாம்ஹாஸ் போன்றவர்கள் குப்பை அனுப்பும் கணினிகளின் ஐ.பி. எண்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு கணினி நம் வாசலுக்கு வந்தால், நம் சர்வர் டி.என்.எஸ். மூலமாக அந்த எண்ணைச் சொல்லிக் கேட்கும். பட்டியலில் இருந்தால் 127.0.0.2 மாதிரி ஒரு பதில் வரும். இல்லையென்றால் "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று வரும்.

நான் செய்த மாற்றம் இதுதான். டி.என்.எஸ். மெதுவாக இருக்கிறது என்று, சர்வரைப் பொது ரிசால்வர் ஒன்றின் வழியாகக் கேட்கும்படி திருப்பிவிட்டேன். அந்தப் பட்டியல்காரர்களோ பொது ரிசால்வர் வழியாக வரும் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. யார் கேட்கிறார்கள் என்றே அவர்களுக்குத் தெரியாது. அதனால் 127.255.255.254 என்ற எண்ணைத் திருப்பி அனுப்புவார்கள். "எஸ்.டி.டி. பூத்திலிருந்து கேட்காதே, உன் சொந்த போனிலிருந்து கேள்" என்று அதற்கு அர்த்தம். எங்கள் காவலருக்கு, அதாவது போஸ்ட்ஃபிக்ஸ் சர்வருக்கு, நான் கொடுத்திருந்த கட்டளை: எந்தப் பதில் வந்தாலும் திருட்டு வண்டிதான்! ஆக, மூன்று நாள் வந்த அத்தனை வண்டியும் திரும்பிப் போயிற்று. பட்டியல்காரர்கள் மேல் தப்பே இல்லை. அவர்கள் இதையெல்லாம் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். படிக்காதவன் நான்.

இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியின் கதை உங்களுக்குத் தெரியும். அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்ததாம். வில்லுக்கு அது பெருமை. ஸ்பாம் ஃபில்டருக்கு அது பெருமையில்லை. எதிரே வந்ததையெல்லாம் ஒரே அம்பில் வீழ்த்தினால் நல்ல கடிதமும் சேர்ந்துதான் விழும்.

நான் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். ஓ.ஆர்.டி.பி. என்று ஒரு பட்டியல் இருந்தது. 2006 டிசம்பரில் மூடிவிட்டார்கள். ஆனாலும் பல சர்வர்கள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தன. 2008 மார்ச்சில் ஒருநாள் அது எல்லாக் கேள்விக்கும் "ஆமாம், ஸ்பாம்" என்று பதில் சொல்ல ஆரம்பித்தது. செத்த பட்டியலைச் சர்வரிலிருந்து எடுக்காதவர்களுக்கெல்லாம் மெயில் நின்றது. இன்னொன்று: ஸ்பாம்அசாசின் என்ற புகழ்பெற்ற மென்பொருளில், தேதி வெகுதூரம் எதிர்காலத்தில் இருந்தால் சந்தேகப்படு என்று ஒரு விதி. அதை எழுதியவருக்கு 2010 எதிர்காலமாக இருந்தது. 2010 ஜனவரி 1 விடிந்தது. புத்தாண்டு வாழ்த்துக்கெல்லாம் ஸ்பாம் மதிப்பெண் விழுந்தது!

சரி, எப்படிச் சரிசெய்தேன்? மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, சர்வரிலேயே அன்பவுண்ட் என்ற சொந்த ரிசால்வரை நிறுவி, கேள்வியை அதன் வழியாக அனுப்பினேன்.

இரண்டாவது, போஸ்ட்ஃபிக்ஸில் 'ரிஜெக்ட் ஆர்.பி.எல். கிளையன்ட்' வரியில் பட்டியல் பெயரோடு, 127.0.0.2 முதல் 127.0.0.11 வரை பதில் வந்தால் மட்டும் திருப்பு என்று வரம்பு கட்டினேன். வேறு எந்த எண் வந்தாலும் கதவு திறந்தே இருக்கும்.

மூன்றாவது, சோதனை. இப்படிப்பட்ட பட்டியல்களில் 127.0.0.2 எப்போதும் இருக்க வேண்டும், 127.0.0.1 எப்போதும் இருக்கக் கூடாது என்பது முறை. 2010-ல் வெளியான ஆர்.எஃப்.சி. 5782 இதைச் சொல்கிறது. இரண்டையும் கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் பதில் வந்தால் பட்டியலைக் கழற்றுங்கள். முதலாவதற்கே பதில் வராவிட்டால் உங்கள் காவலர் தூங்குகிறார்.

நான்காவது, புது விதி எதையும் நேரே அமல்படுத்தாதீர்கள். 'வார்ன் இஃப் ரிஜெக்ட்' என்ற சொல்லை விதிக்கு முன்னால் போட்டால், சர்வர் கடிதத்தை உள்ளே விட்டுவிட்டு, "இதைத் திருப்பியிருப்பேன்" என்று லாக்கில் மட்டும் எழுதும். ஒரு வாரம் அதைப் படியுங்கள். பெரிய மாற்றம் செய்யும் நாளில் 'சாஃப்ட் பவுன்ஸ்' போட்டுக்கொள்ளுங்கள். அப்போது நிரந்தர மறுப்பு தற்காலிக மறுப்பாக மாறும், அனுப்பியவரின் சர்வர் கடிதத்தை வைத்திருந்து மறுபடி மறுபடி முயலும். இந்த ஒரு வரியை நான் போட்டிருந்தால் அந்த 30 மூட்டை போயிருக்காது.

ஐந்தாவது, ஒரே காரணத்துக்காக யாரையும் தண்டிக்காதீர்கள். ஸ்பாம்அசாசின் மதிப்பெண் போடும். வழக்கமான வரம்பு 5. அந்த அளவு வந்தால் சந்தேகம். அதற்குப் பாடம் சொல்லிக்கொடுக்கவும் முடியும். ஆனால் குறைந்தது 200 நல்ல கடிதம், 200 குப்பைக் கடிதம் பார்த்த பிறகுதான் அந்தப் படிப்பு வேலைக்கு வரும். அதிலும் ஒரு பொறி உண்டு: ரூட் என்ற பெயரில் நுழைந்து பாடம் சொன்னால் அது ரூட்டின் நோட்டில் ஏறும். வடிகட்டுபவர் வேறு பெயரில் ஓடிக்கொண்டிருந்தால் அவருக்கு ஒன்றும் தெரியாது. "எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் திருந்தலையே" என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஆறாவது, சந்தேகக் கடிதத்தை அழிக்காதீர்கள். தனிப் பெட்டியில் போடுங்கள். இல்லையென்றால் வாசலிலேயே மறுத்துவிடுங்கள், அனுப்பியவருக்காவது தெரியும். சத்தமில்லாமல் குப்பையில் போடுவதுதான் பாவம். அன்று என் சர்வர் மறுத்துத் திருப்பியதால்தான் கடைக்காரருக்கு விஷயம் தெரிந்தது.

இது உள்ளே வரும் கடிதத்துக்கு. வெளியே போகும் கடிதத்துக்கு நாம்தான் நல்லவர் என்று நிரூபிக்க வேண்டும். எஸ்.பி.எஃப். என்பது "எங்கள் கடிதம் இந்தச் சர்வரிலிருந்துதான் வரும்" என்ற அறிவிப்பு. டி.கே.ஐ.எம். கடிதத்தில் வைக்கும் முத்திரை. டி.எம்.ஏ.ஆர்.சி. என்பது இரண்டும் பொய்த்தால் என்ன செய்வது என்ற கட்டளை. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாகக் கடிதம் அனுப்புகிறவர்களிடம் இந்த மூன்றையும் கேட்கின்றன. பெரியவர்களுக்கும் சோதனை வரும். 2018 செப்டம்பரில், நம் சென்னையில் வளர்ந்த ஸோஹோவின் டொமைனையே, அதைப் பதிவு செய்துகொடுத்த கம்பெனி ஃபிஷிங் புகார்களைக் காட்டி நிறுத்திவிட்டது. உலகம் முழுக்க அதன் வாடிக்கையாளர்கள் தவித்தார்கள். எவனோ சிலர் தப்பாகப் பயன்படுத்தியதற்கு எல்லோரும் வாசலில் நிற்க வேண்டியதாயிற்று.

எல்லாம் சரிசெய்த பிறகு நேரில் மன்னிப்புக் கேட்க மலைக்கு வந்தேன். யாரும் கோபமாகப் பேசவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. மூட்டைகள் அடுக்கியபடியே இருந்தன. வாசலில் ஒரு பாட்டி சாமை புடைத்துக்கொண்டிருந்தார். என்ன தப்பு நடந்தது என்று எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். "நல்லதையும் கெட்டதையும் பிரிக்கிற வேலை பாட்டி, கொஞ்சம் பிசகிப்போச்சு."

அவர் கை நிற்கவில்லை. "முறத்தையே பாத்துக்கிட்டு இருந்திருப்ப தம்பி. கீழ விழறதைப் பாக்கணும். மணி விழுந்தா கோழி ஓடியாரும்" என்றார்.

எனக்கு வேறு யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்ததில்லை. நாங்கள் எல்லோரும் உள்ளே எத்தனை ஸ்பாம் வந்தது என்று எண்ணுகிறோம். வெளியே என்ன விழுந்தது என்று பார்ப்பதில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில், சர்வர் மறுத்த கடிதங்களின் பட்டியல் எனக்குத் தானாக வந்துவிடும். காபி குடிப்பதற்குள் பார்த்துவிடுவேன். ஒரு மணி நேரம் ஒரு கடிதமும் வரவில்லை என்றால் எச்சரிக்கை வரும்படியும் வைத்திருக்கிறேன். மெயில் பெட்டி அமைதியாக இருந்தால் இப்போதெல்லாம் நான் சந்தோஷப்படுவதில்லை.

அந்த 30 மூட்டை இரண்டு மாதம் கழித்து, கொஞ்சம் குறைந்த விலைக்குப் போயிற்று. வித்தியாசத்தை நான் தருகிறேன் என்றேன், வாங்க மறுத்துவிட்டார்கள். பதிலுக்கு அந்த அமைப்பின் சர்வருக்குப் பராமரிப்புக் கட்டணம் வாங்குவதில்லை என்று வைத்திருக்கிறேன். போன வருஷம் அதே சென்னைக் கடைக்காரர் மறுபடி ஆர்டர் அனுப்பினார். அந்தத் தங்கை, "வந்துருச்சுங்கண்ணா" என்று ஒரே வரியில் எனக்கு மெயில் போட்டாள்.

தம்பி தங்கையரே, நாளைக்கு நீங்கள் வடிகட்டப்போவது மெயிலாக இருக்கலாம், வேலைக்கு வரும் விண்ணப்பமாக இருக்கலாம், வங்கிக் கடன் கேட்டு வரும் மனுவாக இருக்கலாம். நீங்கள் தள்ளிவிட்டதையும் தினம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

மதியச் சாப்பாட்டில் சாமைச் சோறு உண்டு என்று சொன்னார்கள். எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.