போஸ்டர்தான் கிடைச்சுதா? கிளம்புங்க!

கூடுவாஞ்சேரியில இருந்து பேசுறேன். இந்த எபிசோடுக்குக் காரணம், இறுதியாண்டு படிக்கிற நேயர் ஒருத்தங்க அனுப்பின மெயில். "அண்ணா, ஒரு டேட்டா சயின்ஸ் மாநாட்டுக்கு என் ப்ராஜெக்டை அனுப்பினேன். மேடையில பேச இடமில்ல, போஸ்டர் வைங்கன்னு சொல்லிட்டாங்க. டிக்கெட், தங்குற செலவு எல்லாம் கைக்காசு. இதுக்காகப் போகணுமா?"

போகணும். ஏன்னு சொல்றேன்.

2017 டிசம்பர்ல, அமெரிக்காவின் லாங் பீச் நகரத்துல நிப்ஸ் மாநாடு நடந்தது. இப்போ அதுக்கு நியூரிப்ஸ்னு பேர். அந்த வருஷம் ஏத்துக்கிட்ட கட்டுரைகள் 670க்கு மேல. மேடையில முழுசாப் பேச வாய்ப்பு கிடைச்சது வெறும் 40 கட்டுரைகளுக்குத்தான். அந்த 40ல இடம் கிடைக்காம, போஸ்டரா மட்டும் நின்ன ஒரு கட்டுரையோட பேர் 'அட்டென்ஷன் இஸ் ஆல் யூ நீட்'. சாட்ஜிபிடியில இருக்கிற அந்த கடைசி 'டி', அதாவது டிரான்ஸ்ஃபார்மர், அந்தக் கட்டுரையில இருந்து வந்ததுதான்.

எல்லா போஸ்டரும் அப்படி ஆயிடும்னு நான் சொல்லல. ஆனா மேடை நேரம் குறைவு, யாருக்காவது இல்லன்னு சொல்லித்தான் ஆகணும். அதை உங்க வேலைக்கு வந்த தீர்ப்புன்னு எடுத்துக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம். மேடையில பேசினா நூறு பேர் கேப்பாங்க, கேள்வி ரெண்டு மூணுதான் வரும். போஸ்டர் முன்னாடி பத்து பேர் வந்தாலும் பத்து பேரும் கேள்வி கேப்பாங்க. மாணவர்களுக்கு அதுதான் பெரிய லாபம்.

ஒரு உதாரணம். தாம்பரம் - செங்கல்பட்டு மின்சார ரயில் எவ்வளவு தாமதமாகும்னு கணிக்க ஒரு மாடல் பண்ணியிருக்கீங்கன்னு வைங்க. துல்லியம் பிரமாதமா வருது. ஒருத்தர் வந்து, "டெஸ்ட் டேட்டாவை எப்படிப் பிரிச்சீங்க?"ன்னு கேக்குறார். குலுக்கிப் போட்டுப் பிரிச்சேன்னு சொல்றீங்க. அப்போ செவ்வாய்க்கிழமை காலையில 8 மணி வண்டி டிரெயினிங்ல இருக்கும், அதுக்குப் பின்னாடியே வந்த 8.10 வண்டி டெஸ்ட்ல இருக்கும். முதல் வண்டி லேட்னா அடுத்ததும் லேட்தான். மாடல் கணிக்கல, பக்கத்து இலையைப் பார்த்து எழுதியிருக்கு. தேதி வாரியா பிரிச்சு, பழைய மாசங்கள்ல பழக்கி, அடுத்த மாசத்துல சோதிச்சாதான் உண்மையான எண் தெரியும். இதை வேலைக்கான இன்டர்வியூல கேட்டுத் தெரிஞ்சுக்கிறதை விட போஸ்டர் முன்னாடி தெரிஞ்சுக்கிறது எவ்வளவோ நல்லது.

சரி, போஸ்டர் எப்படிப் பண்றது? பல இடங்கள்ல கேக்குற அளவு ஏ-ஜீரோ, அதாவது 841-க்கு 1189 மில்லிமீட்டர். நின்னவாக்குலயா, படுத்தவாக்குலயான்னு முதல்லயே கேட்டுக்கோங்க. 2019ல மைக் மாரிசன்னு ஒரு ஆராய்ச்சி மாணவர் ஒரு வடிவத்தைப் பிரபலமாக்கினார். நடுவுல பெரிய எழுத்துல, நீங்க கண்டுபிடிச்சதை ஒரே ஒரு வாக்கியமா போடணும். தலைப்பு, விவரமெல்லாம் ஓரத்துல. நடந்து போறவர் நிக்காமலே படிச்சிடணும். கட்டுரையை அப்படியே காப்பி பண்ணி ஒட்டாதீங்க. ஒரு நல்ல வரைபடம், அச்சுகள்ல அலகு, கோடுக்கு ஒரு கியூஆர் போதும். ஃபிளெக்ஸ் கடையில பிடிஎஃப் கொடுங்க. ஸ்க்ரீன்ஷாட் கொடுத்தா எழுத்து உடைஞ்சிடும்.

வாயில ரெண்டு பேச்சு தயாரா இருக்கணும். 30 நொடிக்கு ஒண்ணு, 3 நிமிஷத்துக்கு ஒண்ணு. முதல்ல சின்னது. அவர் "அப்புறம்?"னு கேட்டா பெரியது.

அடுத்தது லைட்னிங் டாக். பெரும்பாலும் 5 நிமிஷம். கூடுவாஞ்சேரியில ஏறி அடுத்த ஸ்டேஷன் பொத்தேரியில இறங்குறதுக்குள்ள ஒருத்தருக்குச் சொல்லி முடிக்கிற அளவுதான். பிரச்சினை என்ன, என்ன பண்ணோம், என்ன கிடைச்சது, எங்க சொதப்புது. இந்த நாலும் போதும். 'என்னைப் பற்றி' ஸ்லைடு வேண்டாம். லைவ் டெமோ வேண்டாம், வீடியோவா எடுத்து வைங்க. கடைசி ஸ்லைடுல 'நன்றி'ன்னு போடாதீங்க. கேள்வி நேரம் முழுக்க திரையில நிக்கப்போறது அதுதான், அங்க உங்க முக்கியமான முடிவு இருக்கட்டும்.

இதெல்லாம் எங்கேயோ தூரத்துல நடக்கிற கதை இல்ல. இந்தியாவோட கோட்ஸ் மாநாடு 2017 மார்ச்ல சென்னையிலதான் நடந்தது. அடுத்த வருஷம் கோவாவுல கோமாடோட சேர்ந்து ஒரே மாநாடாச்சு. அதுல டெமோவுக்கும் இளம் ஆய்வாளர்களுக்கும் தனிப் பிரிவுகள் இருந்திருக்கு. 2019ல பைகான் இந்தியா நந்தம்பாக்கம் டிரேட் சென்டருக்கே வந்தது. அவ்வளவு பெரிய கூட்டம் பயமா இருந்தா, சென்னைபை மாதிரி உள்ளூர் சந்திப்புல ஒரு தடவை பேசிப் பாருங்க.

போகும்போது ஒரு நோட்டு எடுத்துட்டுப் போங்க. யார் என்ன கேட்டாங்கன்னு அன்னைக்கு ராத்திரியே எழுதிடுங்க. ரெண்டு பேருக்கு மேல அதே கேள்வியைக் கேட்டிருந்தா, உங்க அடுத்த ஆறு மாச வேலை அதுதான்.

போஸ்டர் தயார் பண்ணிட்டிருக்கிறவங்க, நடுவுல போடப்போற அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அதையெல்லாம் படிச்சுப் பார்த்து, எது புரியுது, எது புரியலைன்னு பேசலாம்.