காமாலையும் நம் கடமையும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மஞ்சள் காமாலை என்பது ஒரு தனி நோயின் பெயரன்று. பெரும்பாலும் கல்லீரல் துன்புறுவதைக் காட்டும் அடையாளமாகும். 1955-ஆம் ஆண்டின் இறுதியில் இத்தில்லி மாநகரின் குடிநீரில் கழிவுநீர் கலந்தமையால் ஏறத்தாழ 29,000 பேர் காமாலையுற்றனர். அது ‘இ’ வகைத் தொற்று எனப் பிற்காலத்தில் தெளிவாயிற்று. அதனையும் ‘ஏ’ வகையையும் காய்ச்சி ஆறிய நீரும் தூய கைகளும் பெரிதும் தடுக்கும்.

‘பி’ வகையோ நீரால் வருவதன்று. இரத்தத்தாலும் உடல் நீர்மங்களாலும் வருவது. பிரசவ வேளையில் தாயிடமிருந்து சேய்க்கும், தூய்மை செய்யாத ஊசி, சவரக்கத்தி, பச்சை குத்தும் கருவி ஆகியவற்றாலும், உடலுறவாலும் பரவும். உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாட்கள் இக்கிருமி உயிர்ப்புடன் இருக்க வல்லது. ஆகவே முடிதிருத்தகத்தில் புதிய பிளேடு கேட்பது வீண் பிடிவாதமன்று.

வளர்ந்தோரைத் தொற்றினால் பெரும்பாலும் உடலே அதனை வென்றுவிடும். பிறந்த குழந்தையைத் தொற்றினாலோ நூற்றுக்குத் தொண்ணூறு பேரிடம் நிலைத்துவிடும். பல்லாண்டு ஓசையின்றி உறங்கி, பின்னர் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றாகவோ வெளிப்படும். 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஏறத்தாழ 3 கோடிப் பேர் இத்தொற்றுடன் வாழ்ந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

இதற்குத் தடுப்பூசி உண்டு. குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் ஊசியும், பின்னர் 6, 10, 14-ஆம் வாரங்களில் மற்றவையும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாக இடப்படுகின்றன. தாய்க்குத் தொற்று இருப்பின் சேய்க்கு வேறோர் ஊசியும் தேவைப்படும்.

நம் பெண்கள் இங்கே பரிசோதனை செய்துகொண்டு, பேறுகாலத்திற்குத் தாய்வீடு செல்கின்றனர். பயணச்சீட்டை மறவாத நாம் பரிசோதனைச் சீட்டை மறந்துவிடுகிறோம். அவ்வூர் மருத்துவர் எதைக் கொண்டு அறிவார்? இரண்டையும் ஒரே பையில் வையுங்கள்.

கீழாநெல்லி உண்டால் போதும் என்பாரும் உளர். சென்னை ஆய்வாளர்கள் 1988-இல் அதைப் பற்றி நம்பிக்கையூட்டும் முடிவை வெளியிட்டது உண்மை. பிற்காலச் சோதனைகள் அதனை உறுதி செய்யவில்லை. கிருமியை அடக்கிவைக்கும் மாத்திரைகள் இன்று உண்டு. 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

இறுதியாக ஒன்று. என்னுடன் பணியாற்றிய அன்பர் ஒருவருக்கு இத்தொற்று இருப்பது இரத்ததானத்தின்போது தெரியவந்தது. மறுநாள் முதல் அவருக்குத் தேநீர் தனித் தம்ளரில் வந்தது. அவர் ஒன்றும் கூறவில்லை. தேநீர் அருந்துவதையே விட்டுவிட்டார். அன்பர்களே, உடன் உண்பதாலோ, கைகுலுக்குவதாலோ, ஒரே தம்ளரில் அருந்துவதாலோ இது பரவாது. இந்த அச்சத்தாலேயே பலர் பரிசோதனைக்கு வராது ஒளிகின்றனர். ஒளிவதால் நோய் முற்றுகிறது.

ஊரை விட்டு வந்த நமக்குச் சங்கமே சுற்றம். சுற்றத்தில் எவரையும் தனித் தம்ளருக்குத் தள்ளாதிருப்போம். பரிசோதித்துக்கொள்வோம்; ஊசி இட்டுக்கொள்வோம்.