பருக்குழிக்கு என்ன செய்வது?

சகோதரிகளே, பரு ஆறியபின் கன்னத்தில் விழும் குழியை எந்த க்ரீமும் நிரப்பாது. தோலுக்கடியில் உருவான நார் மேல்தோலைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கிறது. அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து, ஊசியை உள்ளே விட்டு நாரை அறுத்துவிடுவார்கள். 'சப்சிஷன்' என்று பெயர். 1995இலேயே மருத்துவ இதழில் வந்த முறை. தையல் கிடையாது. சில நாள் வீக்கமும் ரத்தக்கட்டும் இருக்கும். பல தடவை செய்ய நேரலாம். இன்ஷா அல்லாஹ் ஆழம் குறையும், அடியோடு மறையாது.

புதுப் பரு வந்துகொண்டிருந்தால் முதலில் அதை அடக்க வேண்டும். தாய்மார்களே, நிக்காஹ் தேதி குறித்தபின் ஓடிவராதீர்கள்; மாதக்கணக்கில் ஆகும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பைப் பிள்ளை முகத்தில் தடவாதீர்கள், அதுவே பருவை வரவழைக்கும். ஊசி வேலை தோல் மருத்துவரிடம்தான். பியூட்டி பார்லரில் அல்ல.